கொழும்பில் அரசாங்க வீடு: முதலில் காணி யாருடையது என்று பாருங்கள்

"அரசாங்க வீட்டுக்கு எங்கே விண்ணப்பிப்பது?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "இப்போது இருக்கிற வீட்டின் காணி யாருடையது?" என்பதுதான். பலருக்கு எரிச்சல் வரும். குறைந்த சம்பளத்தையும் ஒழுகும் கூரையையும் சொல்ல வந்தவரிடம் காணிக் கதை பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் கொழும்பில் வீட்டு உதவி கஷ்டத்தை மட்டும் பார்த்து வருவதில்லை. உங்கள் காலடி மண் எந்தத் திணைக்களத்துடையது, உங்கள் கையில் என்ன கடதாசி இருக்கிறது என்ற இரண்டையும் வைத்தே எந்தக் கதவு திறக்கும் என்பது முடிவாகிறது.

திட்டங்களின் பெயர்களுக்குப் பின்னால் ஓட வேண்டாம். 1978இல் ரணசிங்க பிரேமதாச தொடங்கிய இலட்சம் வீடுகள் திட்டம், 1984இல் வந்த பத்து இலட்சம் வீடுகள் திட்டம், பிறகு ஜன செவன, 2015க்குப் பின் அவருடைய மகன் சஜித் பிரேமதாசவின் காலத்தில் செமட செவண என்று ஆட்சி மாறும்போதெல்லாம் பெயர்ப்பலகையும் மாறியிருக்கிறது. அலுவலகங்களோ பெரும்பாலும் அவையேதான். ஆகவே பெயரை விட்டுவிட்டு அலுவலகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடலாம். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் நடந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு அதற்கு விண்ணப்பம் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அது கொழும்புக்கு உரியதன்று. ஊரில் உங்கள் பெயரில் காணி இருந்து அங்கே வீடு கட்ட உதவி வேண்டுமென்றால், அந்த மாவட்டத்தின் பிரதேச செயலகத்திலும் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்திலும்தான் கேட்க வேண்டும்.

முதல் படி: எந்த வகைக்குள் வருகிறீர்கள்?

கொழும்பு நகருக்குள் சாதாரணக் குடும்பங்கள் இருக்கும் இடங்களைப் பெரும்பாலும் ஐந்தாகப் பிரித்துவிடலாம்.

ஒன்று, தோட்டம் அல்லது முடுக்கு. கால்வாய் ஓரம், ரயில் பாதை ஓரம், மாநகர சபைக் காணி, அரச காணி ஆகியவற்றில் நெருக்கமாக எழுந்த வீடுகள். முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ், வனாத்தமுல்லை, தெமட்டகொடைப் பக்கங்களில் இவை அதிகம். இவற்றில் சில குடும்பங்கள் மூன்று தலைமுறையாக இருக்கின்றன.

இரண்டு, முன்பு தனியார் முதலாளி ஒருவருடையதாக இருந்து, 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டத்தினால் அரசின் கைக்கு வந்த பழைய வாடகை வீடுகள். அந்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை போட்டது. மிஞ்சியவை வீடமைப்பு ஆணையாளரிடம் போயின. வீட்டு முதலாளி யார் என்று கேட்டால் "எங்கள் தாத்தா காலத்தில் ஒரு முதலாளிக்கு வாடகை கட்டினோம், பிறகு யாரும் வரவில்லை" என்று சொல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த வகை.

மூன்று, அரச தொடர்மாடிகள். மாளிகாவத்தை, பம்பலப்பிட்டி போன்ற பழையவையும், 2010க்குப் பின் நகர அபிவிருத்தி அதிகார சபை எழுப்பிய உயர்ந்த கட்டடங்களும் இதில் அடங்கும்.

நான்கு, தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்கள். வெள்ளவத்தையில் அனெக்ஸ் எடுத்திருப்பவரும் ஆமர் வீதியில் ஓர் அறைக்குள் குடும்பம் நடத்துபவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே வரிசைதான்.

ஐந்து, சொந்தக் காணி உறுதி உள்ளவர்கள், அல்லது சேமிப்பும் நிரந்தர வருமானமும் வைத்து வாங்கக்கூடியவர்கள்.

உங்கள் இடம் எதுவென்று ஐயம் இருந்தால் மூன்று இடங்களில் பார்க்கலாம். மாநகர சபையின் ஆதனவரிப் பதிவில் உங்கள் வீட்டு இலக்கத்துக்கு எதிரே யாருடைய பெயர் இருக்கிறது? பழைய வாடகைப் பற்றுச்சீட்டில் யாருடைய முத்திரை இருக்கிறது? காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவு என்ன சொல்கிறது? ஆதனவரிப் பதிவில் உங்கள் பெயர் இருப்பதாலேயே காணி உங்களுடையதாகிவிடாது. ஆனால் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி.

இரண்டாம் படி: கோவை ஒன்றைத் தொடங்குங்கள்

எந்த வகையாக இருந்தாலும் இந்த வேலை முதலில் நடக்க வேண்டும். ஒரு கடினமான கோவை உறை வாங்கி, இருக்கிற கடதாசிகள் எல்லாவற்றையும் ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். தேசிய அடையாள அட்டைகள், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், நீர், மின் பட்டியல்கள், வாக்காளர் இடாப்புப் பிரதிகள், ஆதனவரிப் பற்றுச்சீட்டுகள். தோட்டத்தில் இருப்பவர்கள், எண்பதுகளில் தாய் தந்தையருக்குக் கொடுத்த கணக்கெடுப்பு அட்டையோ பாவனை அனுமதிப்பத்திரமோ வீட்டில் எங்கேயாவது கிடக்கிறதா என்று பெட்டி அடி வரை தேடுங்கள். கரையான் அரித்த அட்டை என்று எறிந்துவிட வேண்டாம். அதன் பெறுமதி கீழே புரியும்.

கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் இல்லாமல் எந்த மேசையிலும் பேச்சு நகராது. கொழும்பு நகரம் இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளாக இருக்கிறது. வடக்குப் பகுதி கொழும்பு பிரதேச செயலகத்தின் கீழும், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கிருலப்பனை, நாரஹேன்பிட்டி உள்ளிட்ட தெற்குப் பகுதி திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தின் கீழும் வருகின்றன. உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவு எதுவென்பதை வரிசையில் நிற்கும் முன்னரே கேட்டு உறுதிசெய்யுங்கள். தெருவின் ஒரு பக்கம் ஒரு பிரிவிலும் மறுபக்கம் இன்னொரு பிரிவிலும் இருப்பது இங்கே புதினமன்று.

வாக்காளர் இடாப்பு இன்னும் முக்கியம். வாடகைக்கு இருப்பவரைத் தன் முகவரியில் பதியவிடத் தயங்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. குடியிருப்பவர் நாளை வீட்டையே கேட்பார் என்ற பயம். அந்தப் பதிவினால் வீட்டின் உரித்து மாறாது என்று பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போதும் இதே இடாப்புக்குப் புள்ளி உண்டு என்பதால், வீடு கிடைக்காவிட்டாலும் பயன் இருக்கிறது.

தமிழர்களுக்கு என்றே ஒரு தொல்லை உண்டு, அது பெயர். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும், மின்பட்டியலில் முதலெழுத்து விட்டுப்போய் இன்னொரு விதமாகவும் இருக்கும். தகப்பன் பெயர் முன்னே வந்த கடதாசியும் பின்னே வந்த கடதாசியும் ஒரே ஆளுடையவை என்று சிங்களத்தில் வேலை செய்யும் உத்தியோகத்தர் எப்படி நம்புவார்? சமாதான நீதவான் முன்னிலையில், இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி ஒன்றை முன்கூட்டியே முடித்து வைத்திருங்கள். கேட்ட பிறகு அலைவதைவிட இது மலிவு.

அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலில் இருப்பவர்கள் அந்த ஆவணத்தையும் சேர்க்கலாம். 2023இல் தொடங்கிய அந்தக் கொடுப்பனவு வீடு தராது. குறைந்த வருமானம் என்பதற்கு ஒரு சான்றாக மட்டும் உதவும்.

தோட்டங்களில் இருப்பவர்களுக்கு

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கொழும்பில் அரச வீட்டு வேலையின் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது, ஆட்கள் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான்.

நகர அபிவிருத்தி அதிகார சபை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவானது. 2010இல் அதைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவந்தார்கள். அதோடு நகர மீளுருவாக்கத் திட்டம் வேகம் பிடித்தது. வசதி குறைந்த குடியிருப்புகளில் 68,812 குடும்பங்கள் இருக்கின்றன என்று அதிகார சபை கணக்கெடுத்தது. அவர்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றிவிட்டு, விடுபடும் காணியை வர்த்தகத்துக்கும் நகர வளர்ச்சிக்கும் பயன்படுத்துவது திட்டத்தின் உள்கணக்கு. 2019இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் இதற்கென 20 கோடி அமெரிக்க டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆகவே உங்கள் தோட்டத்துக்கு அதிகாரிகள் வந்தால், அது உங்கள் விண்ணப்பத்தினால் வந்ததாக இருக்காது. அந்தக் காணி தேவைப்பட்டதனால் வந்திருப்பார்கள். பேசும்போது இதை மனதில் வைத்திருங்கள். உங்களுக்கு வீடு தேவை என்பது போலவே அவர்களுக்கு நீங்கள் எழுந்து போவது தேவை. கேள்வி கேட்கும் வலு உங்களுக்கு இருக்கிறது.

கணக்கெடுப்பு நாளில் வீட்டில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பதியப்படாத குடும்பம் பிறகு உள்ளே நுழைவது மிகவும் கடினம். ஒரு கூரையின் கீழ் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் தனித்தனிச் சமையலோடு இருந்தால், கணக்கெடுப்பு வருவதற்கு முன்பே கிராம உத்தியோகத்தரின் பட்டியலில் தனிக் குடும்பமாகப் பதிந்து, முடிந்தால் மின்மானியையும் பிரித்து வையுங்கள். வீட்டுக்கு வீடு என்ற கணக்கில்தான் பெரும்பாலும் மாற்றுவீடு கொடுக்கிறார்கள். மேல்தட்டுப் போட்டு மூன்று குடும்பம் வாழ்ந்த வீட்டுக்கும் ஒற்றை அறை வீட்டுக்கும் பதிலாக ஒரே அளவு வீடு கிடைத்த கதைகள் வட கொழும்பில் ஏராளம். முதற்கட்டத் தொடர்மாடிகளில் ஒரு வீடு ஏறத்தாழ 400 சதுர அடி. பிறகு கட்டியவை 550 சதுர அடி அளவுக்கு வந்தன.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். தொடக்ககாலத் தொடர்மாடிகள் பலவற்றில் வீடொன்றுக்குப் பத்து இலட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள். 50,000 ரூபாய் முதலில், மீதியை 20 ஆண்டுகள் மாதம் 3,960 ரூபாய் அல்லது 30 ஆண்டுகள் மாதம் 2,650 ரூபாய் என்று கட்டும் முறை. இருந்த வீட்டை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குக் காசும் கேட்பது நியாயமா என்ற கேள்வியை மக்கள் அன்றே எழுப்பினார்கள். என் பார்வையில் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இன்னும் வரவில்லை. இன்றைய தொகை உங்கள் கட்டடத்துக்கு வேறாக இருக்கலாம். எவ்வளவு, எத்தனை ஆண்டு, தவணை தவறினால் என்ன, உறுதி எப்போது கையில் வரும், பராமரிப்புக் கட்டணம் இதற்குள் அடங்குமா தனியா என்ற ஐந்துக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வாய்மொழி வாக்குறுதியின் பேரில் வீட்டை இடிக்க விடவே கூடாது. கொம்பனித்தெரு ஜாவா லேனில் 2014இல் வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்கள், புது வீட்டுக்காகச் சொன்ன காலத்தைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாகக் காத்திருந்தன. தற்காலிகமாக வெளியேறச் சொன்னால், வாடகைக் கொடுப்பனவு எவ்வளவு, எந்தத் தேதி வரைக்கும், கட்டடம் தாமதமானால் அது தொடருமா என்பது கடிதத்தில் இருக்க வேண்டும்.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீட்டைக் கேளுங்கள். "குடும்பத் தலைவர்" என்ற கட்டத்தில் ஆணின் பெயரைப் போட்டுவிட்டுப் போவது உத்தியோகத்தருக்கு இலகு. பிறகு பிரிவோ இறப்போ வந்தால் அலைவது பெண்.

அறிவித்தல் கடிதம் வந்தால் என்ன சட்டத்தின் கீழ் என்று முதலில் பாருங்கள். அரச காணியிலிருந்து வெளியேற்ற, 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீட்புச் சட்டத்தைப் பயன்படுத்துவார்கள். குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். போகாவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நீதவான் பார்ப்பது, அந்தக் காணியில் இருக்க அரசின் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்து அதிகாரம் உங்களிடம் உண்டா என்பதைத்தான். நாற்பது வருடம் இருந்தேன், பிள்ளைகள் பக்கத்துப் பாடசாலையில் படிக்கிறார்கள் என்ற வாதங்கள் அந்த மேசையில் எடுபடாது. பெட்டி அடியில் கிடக்கும் அட்டையைத் தேடச் சொன்னது இதற்காகத்தான். அது தானாகவே உங்களைக் காப்பாற்றிவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சட்டத்தரணிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பாவது வேண்டும்.

உறுதிக் காணியாக இருந்தால் பாதை வேறு. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் அறிவித்தல் ஒட்டி, உரிமைக் கோரிக்கை கேட்டு, விசாரித்து, நட்டஈடு தீர்மானித்த பிறகே பொதுவாக எடுக்கலாம். உங்களிடம் உறுதி இருக்கையில் மாற்றுவீட்டுப் படிவத்தை மட்டும் நீட்டினால் கையெழுத்து வைக்கும் முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட தேசிய கட்டாய மீள்குடியேற்றக் கொள்கை என்று ஒன்று இருக்கிறது. இடம்பெயர்க்கப்படுபவர் முன்பிருந்ததைவிட மோசமான நிலைக்குத் தள்ளப்படக் கூடாது, உறுதி இல்லாதவரையும் கவனிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அது சட்டமன்று, கொள்கைதான். என்றாலும் கடிதம் எழுதும்போது அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். படிப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

தொடர்மாடியில் ஏற்கனவே இருப்பவர்களுக்கு

உங்கள் கட்டடம் யாருடையது என்பதை வைத்து இரண்டு அலுவலகங்கள். பழைய தொடர்மாடிகள் பலவும் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இருக்கின்றன. அதன் தலைமையகம் கொழும்பு 2, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில், பேரை வாவிப் பக்கம். நகர அபிவிருத்தி அதிகார சபை பத்தரமுல்லை செத்சிறிபாயவில். கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவலைக்கு ஓடும் 177ஆம் இலக்க பஸ் பத்தரமுல்லை வழியாகப் போகும்.

2024ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், அரச தொடர்மாடிகளில் வாடகைக்கு இருக்கும் 50,000 குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீட்டின் முழு உரித்தையும் கொடுப்பதாக அறிவித்தார்கள். உங்கள் கட்டடம் அந்தப் பட்டியலில் இருந்ததா, உறுதி எழுதும் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, நிலுவை வாடகை இருந்தால் என்ன செய்வார்கள் என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். அறிவிப்பைக் கேட்டதும் வாடகை கட்டுவதை நிறுத்திவிட வேண்டாம்.

உறுதி வந்த பின் செலவும் உங்களுடையது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. மின்தூக்கி, நீர்ப்பம்பி, படிக்கட்டு விளக்கு, குப்பைக் குழாய், கூரை எல்லாம் பொது ஆதனம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உரித்துச் சட்டத்தின் கீழ் வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்து முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் நடத்த வேண்டும். மேல் வீட்டுக் குளியலறை நீர் உங்கள் கூரையில் வடிந்தால் முறையிடும் இடம் கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகார சபை. பன்னிரண்டாம் மாடியில் முட்டிவலியோடு இருக்கும் அம்மாவுக்கு மின்தூக்கிதான் வீதி. மாதாந்தப் பராமரிப்புக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு அது நின்றபின் அரசாங்கத்தைத் திட்டிப் பயனில்லை.

இப்போது எச்சரிக்கை. "அரசாங்கத் தொடர்மாடி வீடு, அரைவிலை, கைமாற்று" என்று தரகர் சொன்னால் விலகிப் போங்கள். தவணை முடியாத, உறுதி வராத வீட்டை அதில் இருப்பவர் விற்க முடியாது. அற்றோர்னித் தத்துவம், வெள்ளைத்தாள் உடன்படிக்கை, முத்திரை ஒட்டிய ரசீது எதைக் கொடுத்தாலும் அதிகார சபையின் புத்தகத்தில் நீங்கள் யாரோ ஒருவர். சோதனை வரும் நாளில் விற்றவரும் இருக்கமாட்டார், தரகரும் தொலைபேசியை எடுக்கமாட்டார். நகையை அடகு வைத்து இப்படி வாங்கியவர்களுக்கு ஆறுதல் சொல்வதைத் தவிர யாராலும் அதிகம் செய்ய முடிவதில்லை.

பழைய வாடகை வீடுகள், புதிய வாடகை வீடுகள்

1973 சட்டத்தினால் ஆணையாளரிடம் போன வீட்டில் நீங்களோ பெற்றோரோ வாடகையாளராக இருந்தால், அந்த வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றித் தரக் கேட்கும் உரிமை உண்டு. அன்றைய வாடகைப் பற்றுச்சீட்டும், வாடகையாளர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழும், வாரிசுகள் எல்லோரின் சம்மதமும் வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கழுத்தை நெரிக்கும். கனடாவில் ஒரு அண்ணன், லண்டனில் ஒரு அக்கா, ஊரில் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு தம்பி என்றிருக்கும் குடும்பங்கள் இந்த வேலையை முதலில் வீட்டுக்குள் முடித்துவிட்டு அலுவலகத்துக்குப் போவது நல்லது.

தனியாரிடம் நீண்டகாலமாக வாடகைக்கு இருக்கும் சில பழைய வீடுகளுக்கு 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு இன்னும் இருக்கலாம். வெளியேறச் சொன்னால் சாவியைக் கொடுக்கும் முன் சட்ட ஆலோசனை கேளுங்கள்.

புதிதாக வாடகைக்கு வருபவருக்கு அந்தக் கேடயம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். மாதாமாதம் வாடகைக்கு உதவும் பொதுவான அரசுத் திட்டமும் இங்கே கிடையாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும். அப்படி எழுதிய குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வீட்டுக்காரருக்கு வழி செய்திருக்கிறது. ஆகவே முடிவுத் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, முற்பணத்தை எப்போது, எந்தக் கழிவுகளோடு திருப்பித் தருவார் என்பதையும் அதே உடன்படிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

கட்டவோ வாங்கவோ கடன் தேடுபவர்களுக்கு

தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை, சொந்தக் காணி உள்ளவர்களுக்குக் கட்டவும் திருத்தவும் கடனும், மிக வறியவர்களுக்கு மானியமும் கொடுத்து வந்திருக்கிறது. காணியின் உரித்துச் சுத்தமாக இருக்க வேண்டும், மதிப்பீடு வேண்டும், பிணையாளர் கேட்பார்கள். பணம் ஒரே தடவையில் வராது. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை நகர நகரத்தான் விடுவிப்பார்கள். 2019இல் ஆட்சி மாறியபோது இப்படித் தொடங்கிய ஏராளமான வீடுகள் அடுத்த தவணை வராமல் பாதியில் நின்றன. ஆகையால் முதல் தவணை கைக்கு வரும் வரை இருக்கிற பழைய வீட்டை உடைக்க வேண்டாம். இரண்டாவது தவணை தாமதித்தாலும் தலைக்கு மேல் கூரை இருக்கும்படி வேலையைத் திட்டமிடுங்கள்.

மாதச் சம்பளக்காரர்கள் அரச ஈட்டு முதலீட்டு வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, இலங்கை வங்கி, மக்கள் வங்கி ஆகியவற்றின் வட்டி விகிதங்களை ஒரே வாரத்தில் கேட்டு ஒப்பிடுங்கள். வட்டி எத்தனை ஆண்டுக்கு நிலையானது, பிறகு எதை வைத்து மாறும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2022இல் வட்டி ஏறியபோது, மாறும் வட்டிக்குக் கடன் எடுத்தவர்கள் பட்ட பாட்டை வெள்ளவத்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஊழியர் சேமலாப நிதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பத்து ஆண்டு பங்களிப்பும் குறைந்தது 3 இலட்சம் ரூபாய் மீதியும் உள்ளவர் வீட்டுத் தேவைக்காக 30 வீதம் வரை மீளப் பெறலாம். மீதியைக் காட்டி வங்கியில் வீட்டுக்கடன் எடுக்கும் வழியும் உண்டு. இரண்டும் தொழில் திணைக்களம் வழியாகத்தான். கடைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்பவர்கள், முதலாளி உண்மையில் நிதிக்குக் கட்டியிருக்கிறாரா என்று முதலில் மீதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளத்தில் வெட்டியதெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு முற்பணம் கொடுத்துவிட வேண்டாம்.

வாங்கும்போது விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை இருக்கிறது. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேற்பட்ட பெறுமதிக்கு 4 வீதம். நொத்தாரிசின் கட்டணம் தனி. மாடிவீடு வாங்கினால் கட்டடத்தின் ஒத்திசைவுச் சான்றிதழும் (அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டியது என்ற சான்று) பதிவு செய்த கூட்டு ஆதன வரைபடமும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. சான்றிதழ் "வந்துகொண்டிருக்கிறது" என்று விற்பவர் சொன்னால், உங்கள் காசும் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

பதில் வராவிட்டால்

படிவம் சிங்களத்தில் மட்டும் கிடைத்தால் புரியாமல் கையெழுத்து வைக்காதீர்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. மொழி உரிமை முறைப்பாட்டுக்கு 1956. எந்த அலுவலகத்தில் பொதுமக்கள் தினம் என்றைக்கு, யாரைச் சந்திக்க வேண்டும் என்று அறிய 1919க்கு அழைத்துத் தமிழில் கேட்கலாம்.

நேரில் கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டாவது பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையைக் கோவையில் ஒட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "எனக்கு எப்போது வீடு தருவீர்கள்?" என்று அதில் கேட்டால் பதில் வழவழவென்று வரும். "இன்ன தோட்டத்தில் இன்ன ஆண்டு எடுத்த கணக்கெடுப்புப் பட்டியலில் என் குடும்பத்தின் பதிவுப் பிரதி", "எங்கள் கட்டடத்துக்கு உறுதி வழங்குவது தொடர்பான கோவையின் இறுதிக் குறிப்பு" என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் புதுக்கடையில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். வருமானத்தைக் காட்டும் கடிதத்தை எடுத்துச் செல்லுங்கள். பலவந்த வெளியேற்றம் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு உடனே அழைத்து முறைப்பாட்டு எண்ணை எழுதி வையுங்கள். அரசியல்வாதியின் காரியாலயக் கடிதம் சில வேளை கோவையை நகர்த்தும்தான். ஆனால் அதற்காகக் காசு கேட்கும் இடைத்தரகர், எந்தக் கட்சிக்காரர் என்று சொல்லிக்கொண்டாலும், உங்களிடமிருந்து ஒரு சதமும் பெறத் தகுதியற்றவர். விண்ணப்பப் படிவத்துக்கான கட்டணத்தைக்கூட அலுவலகக் கருமபீடத்தில் கட்டி அங்கேயே பற்றுச்சீட்டு எடுங்கள்.